உலைத் துவாரத்தின் முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியத் தொழிலதிபர் கசுவோ இனமோரியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 1959இல் கியோட்டோவில் 28 பேரோடு கியோசெரா என்ற செராமிக் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2022இல், தமது 90ஆவது வயதில் காலமானார்.

அவரிடம் ஒரு கணக்கு உண்டு. மனப்பாங்கு, உழைப்பு, திறமை மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் பலன் என்பார். கவனியுங்கள், பெருக்கல். உழைப்புக்கும் திறமைக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண். மனப்பாங்குக்கு மட்டும் மைனஸ் நூறிலிருந்து பிளஸ் நூறு வரை. எண்ணம் கோணலாகிவிட்டால், மற்ற இரண்டும் கூடக்கூடச் சேதமும் கூடும். கெட்டிக்காரர் ஒருவர் ராப்பகலாக உட்கார்ந்து பொய்க்கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சோம்பேறியால் அந்த அளவுக்குக் கெடுக்க முடியாது.

அவருடைய உழைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு காட்சி. மெல்லிய செராமிக் தகடுகள் உலையில் வேகும்போது வளைந்துகொண்டே இருந்தன. எத்தனை முறை செய்தும் சரிவரவில்லை. உலையின் சிறு துவாரம் வழியே பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணெதிரே தகடு சுருள்கிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலைக்குள் கையை விட்டு அதை அழுத்திவிடத் துடித்தாராம். அப்போதுதான் பொறி தட்டியது: தகட்டின் மேல் சூடு தாங்கும் ஒரு கனமான பாரத்தை வைத்தால் போதுமே! வைத்தார்கள், தகடு நேராக வந்தது. பொருளோடு இந்த அளவுக்கு ஒன்றிப்போனவரைத்தான் நான் உழைப்பாளி என்பேன்.

அப்புறம் 1961. முந்தைய ஆண்டு சேர்ந்த இளைஞர்கள் பதினொரு பேர், சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் உத்தரவாதம் எழுதித் தரச் சொல்லி வந்து நின்றார்கள். நாளைக்குக் கம்பெனி இருக்குமா என்றே தெரியாத நேரம். தர முடியாத வாக்கை அவர் தரவில்லை. தம் வீட்டுக்கே அழைத்துப்போய் மூன்று பகல், மூன்று இரவு பேசினார். அவர்கள் தங்கினார்கள். ஆனால் அவருக்குத்தான் உறக்கம் போனது. தம் தொழில்நுட்பத்தை உலகுக்குக் காட்டத்தானே இந்தக் கம்பெனியைத் தொடங்கினோம் என்று யோசித்தவர், ஊழியர்களின் பொருள் வளமும் மன நிறைவும்தான் முதல் நோக்கம் என்று மாற்றி எழுதினார்.

1984இல் தொலைபேசித் துறையில் இறங்குவதற்கு முன்பும் ஆறு மாதம் இரவுதோறும் தம்மையே கேட்டுக்கொண்டார்: என் நோக்கம் நல்லதா? இதில் சுயநலம் கலந்திருக்கிறதா?

2010இல், 78 வயதில், திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸின் தலைவர் பொறுப்பைச் சம்பளம் வாங்காமல் ஏற்றார். பெரிய அதிகாரிகளை உட்காரவைத்து, பொய் சொல்லாதே, பேராசைப்படாதே என்று பாடம் நடத்தினார். முதலில் அவர்கள் முகம் சுளித்தார்கள். 2012 செப்டம்பரில் நிறுவனம் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சீரமைப்பில் சுமார் 16,000 பேர் வேலையை விட்டுப் போக வேண்டியிருந்தது. மீதமிருந்த 32,000 பேரின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். வெளியே போனவர்களின் வீட்டில் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதும் என் மனதை விட்டு அகலவில்லை.