துன்பம் வந்தால் எதைச் சரணடைவது?

பெரியோர்களே, தோழர்களே,

2004 டிசம்பர் 26-ஐயும் 2011 டிசம்பர் 30-ஐயும் பார்த்த கடலூர் இது. ஆழிப்பேரலை ஆட்களைக் கொண்டுபோனது. தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. துன்பம் என்றால் என்ன என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அது வந்ததும் மனிதர் எதை நோக்கி ஓடுகிறார் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

புத்தரின் போதனைப் பாடல்களைத் தொகுத்த தம்மபதத்தின் 188-ஆம் பாடலிலிருந்து பாருங்கள். அச்சம் துரத்த, மக்கள் மலை, காடு, தோப்பு, மரம் என்று பலவற்றைச் சரணடைகிறார்கள். அதனால் துன்பம் தீர்வதில்லை என்கிறது. புத்தர், தம்மம் என்னும் அவர் போதனை, சங்கம் ஆகிய மும்மணிகளைச் சரணடைந்தவர்? 'யாரோ வந்து காப்பாற்றுவார்' என்று அங்கே இல்லை. துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் எட்டு அங்க வழி ஆகிய நான்கையும் தெளிந்த அறிவோடு காண்பார் என்றுதான் இருக்கிறது. இந்த நான்கிலும் நமக்கு வேலை உண்டு. துன்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், வேட்கையை விட வேண்டும், நீக்கத்தை நேரில் அறிய வேண்டும், வழியை வளர்க்க வேண்டும். 'இந்தத் தடவை காப்பாற்று, மொட்டை போடுகிறேன்' என்று பேரம் பேச எதிரில் ஆள் இல்லை.

புத்தர் சொன்ன இரண்டு அம்புகளை இங்கே நினைக்கலாம். உடல் வலி முதல் அம்பு. அது அவருக்கும் பட்டது, முதுமையில் முதுகு வலித்தது. வலியின் மேல் நாம் ஏற்றிக்கொள்ளும் புலம்பலும் வெறுப்பும் இரண்டாவது. சரணத்தோடு தொடங்கும் பயிற்சி பிடுங்குவது இந்த இரண்டாவதைத்தான். முதல் அம்பும் படாது என்று யாராவது உறுதி தந்தால் நம்பாதீர்கள்.

இனிச் செய்முறை. கைகூப்பி 'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ' என்று புத்தருக்கு வணக்கம், மூன்று முறை. பிறகு 'புத்தம் சரணம் கச்சாமி', 'தம்மம் சரணம் கச்சாமி', 'சங்கம் சரணம் கச்சாமி'. அந்த மூன்றையும் 'துதியம்பி' (இரண்டாம் முறையும்) சேர்த்து இரண்டாம் சுற்று, 'ததியம்பி' (மூன்றாம் முறையும்) சேர்த்து மூன்றாம் சுற்று; ஆக ஒன்பது வரி. மனம் முதல் சுற்றில் எங்கோ இருக்கும், அதனால் மூன்றையும் விடாமல் சொல்வது நல்லது. பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, இருந்தால் அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது மரபு. இல்லாவிட்டால் வீட்டில் தனியாகவும் சொல்லலாம். தமிழுக்கு இது புதிதல்ல. காஞ்சியில் மணிமேகலை 'முத்திற மணியை மும்மையின் வணங்கி'ச் சரணடைந்த பிறகுதான் அறவண அடிகள் துன்பத்தின் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்களை விளக்கத் தொடங்குகிறார். சரணம் முதலில், பாடம் பிறகு.

எங்கே பிசகுகிறது? பெரும்பாலும் சங்கத்தில். மூன்றாம் சரணம் என்பது மெய்ஞ்ஞானப் படிகளை அடைந்தவர்களின் கூட்டம், நாலு படி, படிக்கு இரண்டு பேராக நாலு இணை, எட்டு நிலையினர். ஊரில் காவி கட்டிய ஒருவரை அதுவாக நினைத்தால், அவர் தவறும் நாளில் சரணமும் இடியும். அறியாமை, ஐயம், தவறான புரிதல் மூன்றும் சரணத்தை அழுக்காக்கும் என்கின்றன பௌத்த நூல்களுக்கான பாலி மொழி உரைகள். ஆனால் உறவினர் என்றோ ஆசிரியர் என்றோ ஒருவரை வணங்குவதால் அது அறுந்துவிடாது என்றும் அவையே சொல்கின்றன. அம்மா காலில் விழலாமா என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

சாதியால் வரும் துன்பத்துக்கு என்ன என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் சந்திரமணி பிக்குவிடம் மூன்று சரணங்களையும் ஐந்து சீலங்கள் என்னும் ஒழுக்க விதிகளையும் ஏற்றார். பிறகு தாம் வகுத்த 22 உறுதிமொழிகளையும் கூடியிருந்த லட்சக்கணக்கானோருக்குத் தாமே செய்துவைத்தார். தனி மனிதரின் வேட்கையோடு சமூகத்தின் கொடுமையையும் அவர் துன்பத்தின் காரணமாகக் கண்டார். இதைக் கழித்துவிட்டுத் தமிழ்நாட்டில் சரணம் பேச முடியாது என்பது என் கருத்து.

சரணத்தோடு ஐந்து சீலங்கள் வரும்: கொல்லாமை, கொடாததை எடாமை, பிறழ்ந்த காமம் நீக்கல், பொய்யாமை, கள்ளுண்ணாமை. ஒவ்வொன்றும் 'சிக்காபதம் சமாதியாமி' என்று முடியும். பயிற்சி விதியாக ஏற்கிறேன் என்பதுதான் சேதி. புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் ஐந்தாவதுதான் முதலில் உடையும்! உடைந்தால் தண்டிக்க ஆள் இல்லை, சரணமும் அதனால் போய்விடாது. அன்றைக்கே அமர்ந்து மூன்று சரணத்தையும் ஐந்து சீலத்தையும் மறுபடி சொல்லுங்கள். சீலம் ஏற்கும் நாளான பௌர்ணமிவரை காத்திருக்க வேண்டாம்.