என் வலைப்பூவின் ஒரே வாசகர்

வணக்கம் மக்களே. கேமரா இன்று நேராக நிற்கிறது, கவனித்தீர்களா? போன மூன்று வீடியோக்களிலும் பாதியில் தலை கவிழ்ந்து என் தாடையையே காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த கதைதான் இன்றைக்கு.

அதற்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சல். என் வலைப்பூவுக்கு ஒரு நாளில் ஒன்பது பேர் வந்தாலே எனக்குக் கொண்டாட்டம். செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், 412! வரைபடத்தில் ஒரு கோடு பனைமரம் மாதிரி நிற்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். அப்புறம் தோண்டிப் பார்த்தால் அத்தனையும் பாட், அதாவது தானாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள். எல்லாம் இரண்டே நிமிடத்தில் வந்தவை, பக்கத்தில் தங்கிய நேரம் 0 நொடி. அந்த ஒன்பதிலும் எத்தனை பேர் மனிதர்களோ! வருகையைக் காட்டும் எண்ணிக்கைப் பெட்டியை அன்றே கழற்றி எறிந்தேன். அது எனக்குப் பிடிக்காது என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்ப்பேன், அதைச் சொன்னதில்லை.

சரி, யாரும் படிக்காததை எதற்கு எழுதுவது? நான்கு நாள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஐந்தாம் நாள் கேமராவைத் தாங்கும் ட்ரைபாட் மறுபடி தலை கவிழ்ந்தது. பெயரையும் மாடல் எண்ணையும் போட்டுத் தேடினேன். மூன்றாவதாக வந்தது என் பதிவு! 2019இல் எழுதியது, எழுதிய நினைவே இல்லை. 'பக்கத்துத் திருகை இறுக்காதே, மரை போய்விடும். தலைக்கு அடியில் ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி உள்ளே இருக்கும் திருகை ஆலன் கீயால் கால் சுற்று இறுக்கு.' அவ்வளவுதான், நின்றுவிட்டது. எனக்கே நான் நன்றி சொல்ல வேண்டிய நிலை.

அப்போதுதான் வலைப்பூவின் ஆங்கிலப் பெயர் ஞாபகம் வந்தது: வெப்லாக் என்ற சொல்லை 1997 டிசம்பரில் கொண்டுவந்தவர் ஜோர்ன் பார்ஜர் என்ற அமெரிக்க வலைப்பதிவர். அன்றன்று வலையில் படித்து ரசித்தவற்றுக்கு அவர் வைத்திருந்த குறிப்பேடுதான் அது. 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்ற இன்னொரு வலைப்பதிவர் அதை விளையாட்டாக 'வீ பிளாக்' (we blog) என்று உடைக்க, பிளாக் நிலைத்தது. லாக் என்றால் கப்பலில் எழுதுவார்களே, அந்தக் குறிப்பு. அதை எழுதுகிறவர் கூட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டா இருப்பார்?

எனக்கு இப்போதைக்கு ஒரு வாசகர் போதும். ஐந்தாறு வருடம் கழித்து வரப்போகிற, ஞாபகமறதிக்கார நான். அவருக்காக நேற்று இரண்டு பதிவுகள் எழுதிவிட்டேன்.

அட, இன்னொன்று. அந்தப் பதிவு கண்ணில் படுவதற்கு முன்பே பக்கத்துத் திருகை இறுக்கித் தொலைத்திருந்தேன். மரை போய்விட்டது. பழைய பதிவின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'முதலில் இதைப் படி, அப்புறம் கை வை.'