சக்கரம் மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். கிணற்றில் வாளி இறக்கும்போது கயிறு ஓடும் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே ஆள் உயரத்துக்கும் மேல் இரும்பில் செய்து, கோபுரத்தின் உச்சியில் மாட்டியதுதான் நிலக்கரிச் சுரங்கத்துச் சக்கரம். வாளிக்குப் பதில் கூண்டு. கூண்டுக்குள் மனிதர்கள்.

பிரிட்டனில் சுரங்கம் மூடிப்போன ஊர்கள் பலவற்றில், இந்தச் சக்கரத்தைப் பாதி மண்ணில் புதைத்து, சுற்றிலும் பூச்செடி வைத்து நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சக்கரங்கள் பிடிக்கும். ஆனால் சக்கரம் மட்டும் போதாது. பெயர்கள் வேண்டும். எப்படி இறந்தார்கள் என்பதும் வேண்டும்.

நியூ ஹார்ட்லி என்று ஓர் ஊர், இங்கிலாந்தின் வடகிழக்கில். 1862 ஜனவரி 16, காலை நேரம். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் இறங்கும் வேளை. அதனால் இரண்டு ஷிப்ட் ஆட்களும் கீழே இருந்தார்கள். ஊறும் தண்ணீரை இறைக்க மேலே ஒரு பெரிய நீராவி இயந்திரம். அதன் வார்ப்பிரும்பு உத்தரம் மட்டுமே 40 டன்னுக்கு மேல். அது நடுவில் முறிந்து, ஒரு பாதி அப்படியே சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்குள் விழுந்தது. கூண்டில் மேலே வந்துகொண்டிருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். குழி அடைபட்டுப் போனது.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆள் இறங்க, ஆள் ஏற, காற்று போக, காற்று வர, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குழிதான். நடுவில் பலகைத் தடுப்பு. அவ்வளவுதான். ஊரே மேலே காத்து நின்றது. நாள்கணக்கில் தோண்டி உள்ளே போனபோது ஒருவரும் உயிரோடு இல்லை. நச்சு வாயு. அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்களாம். மொத்தம் 204 பேர், சிறுவர்களும் அதில் உண்டு. அதே ஆண்டு சட்டம் வந்தது, சுரங்கத்துக்கு இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும் என்று. அந்த இரண்டாவது குழியைத் தோண்ட ஆகும் செலவுக்குத்தான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இயர்ஸ்டன் ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது. இயந்திரத்தின் உத்தரம் முறிந்து இறந்தவர்கள் என்று காரணத்தையே அதில் செதுக்கியிருக்கிறார்கள். பெயர்களும் உண்டு. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும். அந்த வரிகளைப் படிக்கும்போது ஒரு வீட்டில் யார் யார் திரும்பவில்லை என்பது புரியும். சக்கரம் இதைச் சொல்லாது.

சரி, நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வேல்ஸில் சிக்ஸ் பெல்ஸ் என்ற ஊரின் சுரங்கம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1960 ஜூன் 28 அன்று அங்கே 45 பேர் இறந்தார்கள். சுரங்கம் இருந்த இடத்திலேயே 2010இல் எஃகுப் பட்டைகளை அடுக்கி, பீடத்தையும் சேர்த்து 20 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் உருவம் எழுப்பினார்கள். போகிறவர்கள் முதலில் பீடத்தை ஒரு சுற்று வந்து அந்த 45 பெயர்களையும் படியுங்கள். அண்ணாந்து பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். வணக்கம்.