இருமல் தாத்தாவுக்கு முகம் கிடையாது

நேயர்களுக்கு வணக்கம். இயக்குநர் கே. பாலசந்தரைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். படம் காட்ட முடியாத இடத்தில் படம் எடுத்தவரைப் பற்றி என்ன பேசுவது என்று முதலில் முழித்தேன். அப்புறம் இருமல் தாத்தா கைகொடுத்தார்.

‘எதிர்நீச்சல்’ பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். 1968-இல் வந்த படம். ஒண்டுக்குடித்தன வீடு, அதில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்யும் அநாதைப் பையன் மாது, அதாவது நாகேஷ். அந்த வீட்டில் ஒரு தாத்தாவும் உண்டு. அவருடைய இருமல்தான் கேட்கும், ஆளைக் காட்டவே மாட்டார்கள்.

இது மேடைக்காரர் புத்தி. மேடையில் ஓர் ஆள் கூடினால் செலவு கூடும். திரைக்குப் பின்னால் யாராவது இருமினால் ஒரு பாத்திரம் லாபம்! நானும் கொஞ்ச காலம் சபா நாடகங்களில் ‘எஃபெக்ட்ஸ்’ பார்த்தவன். இடிக்குத் தகரத்தை உலுக்குவேன், டெலிபோனுக்கு மணியடிப்பேன். ஒருநாள் கேன்டீன் வடை ஆசையில் தாமதமாகிவிட்டது. கதாநாயகன் ரிசீவரை எடுத்து ‘ஹலோ’ என்ற பிறகு மணி அடித்தது. சாவுச் செய்தி வரும் காட்சி அது. சபையே சிரித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நன்னிலம் பக்கத்துக்காரரான பாலசந்தர் சென்னை ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் நடித்த சுந்தரராஜனுக்கு அந்த ‘மேஜர்’ கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1964-இல் பாலசந்தர் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அடுத்த வருடமே தன் ‘நீர்க்குமிழி’ நாடகத்தைப் படமாக்கி இயக்குநரானார். ஆஸ்பத்திரியைச் சுற்றியே நகரும் கதை. சிரிப்பு நடிகராக அறியப்பட்ட நாகேஷ்தான் அதில் முக்கியப் பாத்திரம்.

அவர் படங்களில் நாடகத்தனம் அதிகம் என்று குறை சொல்வார்கள். எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றியதுண்டு. ஒரு பொருளைக் குறியீடாகக் காட்டியது போதாதென்று, பாத்திரத்தைக் கொண்டே அதற்கு விளக்கமும் சொல்ல வைப்பார். ஆனால் நாலு சுவருக்குள் நாலு பேரை உட்கார வைத்து, யார் எப்போது வாயைத் திறப்பார்கள் என்று நம்மைக் காக்க வைக்கும் வித்தையும் அதே மேடையில் கற்றதுதான்.

தொலைக்காட்சிக்கு அந்த வித்தைதான் வேண்டியிருந்தது. சின்னப் பெட்டி, கூடத்துச் சண்டை, சமையலறை ரகசியம். சினிமாவில் கொடிகட்டிப் பறந்தவர், கௌரவம் பார்க்காமல் ‘ரயில் சினேகம்’, ‘கையளவு மனசு’ என்று தொடர்கள் எடுத்தார்.

எனக்குப் பிடித்தது, தன் ‘சிந்து பைரவி’ படத்தின் தொடர்ச்சியாக ‘சஹானா’ என்ற தொடரை எடுத்த துணிச்சல். ‘சிந்து பைரவி’ 1985-இல் வந்த படம். பாடகரின் காதலி சிந்து, தன் குழந்தையை அவர் மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போவதோடு முடியும். தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். அந்தக் குழந்தை வளர்ந்தபின் என்ன ஆகும்? சினிமாவுக்கு அந்தக் கவலை இல்லை, ‘வணக்கம்’ போட்டாயிற்று. ஏறத்தாழ பதினெட்டு வருடம் கழித்து அவரே அந்த வீட்டுக் கதவைத் தட்டினார், இந்த முறை தொலைக்காட்சித் தொடராக, வாரக்கணக்கில்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.