சும்மா இருக்க ஓர் இடம்

(ஹட்டனில், பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களுக்கான பாராட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, பிரதம விருந்தினராக நுவரெலியாவிலிருந்து இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்த தோட்ட முகாமையாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, மூன்று பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, இன்று நம்மைத் தலைநிமிர வைத்த பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பணிப்பாளர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் பேசத் தொடங்கக் கூடாது. ஒரு பாடசாலை நூலகத்துக்குப் புத்தக அலுமாரி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, மூன்றாம் நாளே தொலைபேசியில் பதில் சொன்னவர் அவர். அலுமாரியும் வந்தது, அதற்குப் பூட்டும் வந்தது. அதிபர் அவர்களோ என் பழைய மாணவர். அவர் தலைமையில் பேசுவது எனக்கு இன்று கிடைத்த பொன்னாடையை விடப் பெரிய மரியாதை.

உயர்கல்வியில் மனக்கவனப் பயிற்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயங்கள் சொல்ல நினைத்திருக்கிறேன். இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, நமது பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இதை எப்படிச் சேர்ப்பது. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. அப்பா காய்ச்சலோடு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குக் கிளம்பும் காலையில் அம்மா கதவை மறித்துக்கொண்டு சொல்வது: "சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்." அம்மா உடம்பைச் சொன்னார். நான் இன்று வேறொரு சுவரையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

மனக்கவனத்தை மைண்ட்ஃபுல்னஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கைபேசியில் அதற்குச் செயலிகூட வந்துவிட்டது. ஏதோ அமெரிக்காவில் கண்டுபிடித்த சரக்கு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. 1864இல் இலங்கைக்குச் சிவில் சேவை உத்தியோகத்தராக வந்த ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கேதான் பாளி கற்றார். 'ஸதி' என்ற பாளிச் சொல்லுக்கு 1881இல் அவர் போட்ட ஆங்கிலச் சொல்தான் இன்று உலகமெல்லாம் சுற்றுகிறது. அடுத்தவர் ஞானபோனிக்க தேரர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இங்கு வந்து துறவியானவர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும், ஜெர்மன்காரர் என்பதால் ஆங்கிலேய அரசு அவரைப் பிடித்துத் தியத்தலாவை முகாமில் அடைத்தது. பிறகு இந்தியாவில் டெஹ்ராடூன் முகாம். முள்வேலிக்குள்ளும் அவர் பாளி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். விடுதலையான பின் கண்டி உடவத்தைக் காட்டில், தலதா மாளிகைக்கு மேலே உள்ள ஆரண்யத்தில், பல்லாண்டுகள் வாழ்ந்து 1994இல் மறைந்தார். மனதில் எழுவதை உடனே நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் அப்படியே பார்ப்பது, அதை அவர் 'வெறும் கவனம்' என்றார். மேல்நாட்டில் பலரை இந்தப் பயிற்சிக்கு இழுத்தது அவர் எழுத்து. பத்தனையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போய் வருகிற நமக்கு அந்தக் காடு எவ்வளவு பக்கம், பாருங்கள்.

அதன் பிறகுதான் அமெரிக்கா. 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர், தீராத நோவோடு வந்த நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். பார், முகர்ந்து பார், நாக்கில் வை, மெதுவாகக் கடி என்பார்கள். அவ்வளவுதான். மதம் எதுவும் மாறத் தேவையில்லை. தேரர் அவர்கள் இங்கே இருக்கிறார், குருக்கள் ஐயாவும் இருக்கிறார், இதில் இருவருக்கும் சண்டை வராது. மனதை அது போன இடத்துக்கெல்லாம் போக விடாமல் நல்ல வழியில் செலுத்துவதே அறிவு என்று வள்ளுவர் 422ஆம் குறளில் சொன்னதும் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிப்பதே ஒரு தியானம், நம் பெண்கள் பிறவித் தியானிகள் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. என் அம்மாவின் கவனம் கிலோவில் இருந்தது. காலில் ஏறும் அட்டையில் இருந்தது. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவந்த தங்கச்சி பால் குடித்தாளா என்பதில் இருந்தது. அது வேலை. அதை வேலை என்றே சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுப்பதுதான் மரியாதை.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் 8 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். பரீட்சைக் காலத்தில், பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. முடிவு 2018இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆனால் அதே நாட்டில் 85 பாடசாலைகளில், 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆசிரியர்களே சொல்லிக்கொடுத்த பயிற்சி, வழக்கமான வகுப்பை விடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்று 2022இல் தெரியவந்தது. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. மாத்திரை மாதிரி எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்தால் இது வேலை செய்யாது. பிள்ளைக்கு விருப்பம் வேண்டும். இடமும் வேண்டும். அந்த இடத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நான் உயர்தரம் படித்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பரா, அதாவது எங்கள் அறை, 10 அடிக்கு 12 அடி. அப்பா, அம்மா, அப்பாயி, நாங்கள் நாலு பிள்ளைகள். பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. அங்கே ஒருவர் இருமினால் இங்கே அப்பாயி "சுக்குப் போட்டுக் குடிடா" என்பார். அந்த வீட்டு ரேடியோவில் பாட்டு முடிந்தால்தான் நான் கணக்குப் போடலாம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒருநாள் இரவு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், குப்பி லாம்பை வைத்துக்கொண்டு, காற்றில் அணைய அணையக் கொளுத்திப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்த பிள்ளை மடுவத்து ஆயா நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மடுவத்துச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "விடிய முன்னே திருப்பித் தந்திரு தம்பி" என்றார்.

அந்த முதல் இரவு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மடுவத்தின் உத்தரத்தில் வரிசையாக ஏணைகள். எல்லாம் வெறும் துணியாகத் தொங்கின. பால்மா வாசமும் மூத்திர வாசமும் கலந்த வாசம். கதவைச் சாத்தினேன். புத்தகத்தை விரித்தேன், ஆனால் படிக்கவில்லை. அரை மணி நேரம் சும்மா இருந்தேன். கானில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு என் மூச்சு எனக்கே கேட்டது. பதினெட்டு வயதில் முதல் தடவையாகக் கேட்டது. ரைஸ் டேவிட்ஸும் தெரியாது, கபாட்-சின்னும் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கிடைத்ததைத்தான் இன்று பல்கலைக்கழகங்கள் பாடமாக நடத்துகின்றன.

பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராம் நாள், மேட்டு லயத்தில் யாரோ மடுவத்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள். பிள்ளை மடுவத்தில் முனி இறங்கியிருக்கிறது என்று கதை கிளம்பியது. பதினொரு மணிக்குத் தப்பு அடித்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வாச்சர், கையில் கம்பு. கதவைத் திறந்ததும் ஒரு பாட்டி கைநிறையத் திருநீற்றை என் முகத்தில் வீசி, "போயிரு சாமி, போயிரு" என்று கும்பிட்டார். அப்புறம்தான் வாச்சர் டோர்ச்சை அடித்து, "அட, நம்ம பய!" என்றார். கூட்டம் சிரித்தது. சிலர் திட்டினார்கள். ஆயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "சாவி குடுத்தது நான்தான்" என்றார்.

மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், ஆயாவை எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஏசினார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு நாள் பேரும், அதாவது இரண்டு நாள் கூலியும், வெட்டினார்கள். எந்தத் தோட்டம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு பிள்ளை படித்ததற்கு இரண்டு நாள் பேர், அது மட்டும் எனக்கு மறக்காது.

அன்று மாலை வாச்சர் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். தன் காவல் குடிலில் ஒரு பலகை போட்டிருப்பதாகச் சொன்னார். பரீட்சை வரைக்கும் நான் உள்ளே படித்தேன், அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே இருந்தார். யாராவது சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தால் "ஷ்" என்று அடக்குவார். அப்படித்தான் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். என் பட்டமளிப்புப் படத்தை ஆயா வாங்கிக்கொண்டு, "சாவி குடுத்தது நான்" என்று லயம் லயமாகக் காட்டிக்கொண்டு போனார்.

பேராதனைக்குப் போகிற பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். 1952இல் பல்கலைக்கழகம் அங்கே இடம் மாறியபோது, ஹந்தானை மலையும் மகாவலியும் அதற்குச் சேர்ந்தே கிடைத்தன. சும்மா இருக்க அங்கே எத்தனையோ மரநிழல் உண்டு. பதுளை ஊவா வெல்லஸ்ஸவுக்குப் போகிறவர்களுக்கும் மலை இருக்கிறது. நாளைக்குக் காலையில் பத்து நிமிடம் கைபேசியை அணைத்துவிட்டு உட்காருங்கள். மனம் ஓடும். ஓடினால் கூட்டி வாருங்கள். மறுபடி ஓடும், மறுபடி கூட்டி வாருங்கள். திட்டாமல் கூட்டி வாருங்கள். பாடத்திட்டத்தில் சேர்ப்பது பற்றிப் பேச இன்று நேரமில்லை, பணிப்பாளர் அவர்களோடு அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

எனக்கு இப்போது முக்கியம், கம்பஸ் வாசலுக்கு வராமலே நின்றுபோகிற பிள்ளைகள். மனதை ஒருமுகப்படுத்து என்று அவர்களிடம் சொல்கிறோம். ஏழு பேர் படுக்கிற காம்பராவில் எதை ஒருமுகப்படுத்துவது? சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம், ஐயா. உடம்பும் சுவர்தான், செங்கல்லும் சுவர்தான். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், மகிழ்ச்சி. லயத்திலேயே இன்னும் எத்தனை குடும்பம் என்பது இந்த மண்டபத்தில் கை தூக்கச் சொன்னாலே தெரியும்.

தோட்டத்துக்கு ஒரு படிப்பறை. இதைத்தான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புதிதாகக் கட்டத் தேவையில்லை. பூட்டிக் கிடக்கிற பழைய மடுவம், ஆளில்லாத குவாட்டர்ஸ், எதுவானாலும் போதும். நான்கு சுவர், ஒழுகாத தகரம், பத்து மேசை, ஒரு மின்விளக்கு, இரவு பத்து மணி வரை திறந்திருக்கிற கதவு. மாலையில் முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் உட்காரட்டும், அப்புறம் படிக்கட்டும். முகாமையாளர் ஐயாமார்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், சாவியை மட்டும் கொடுங்கள். மேசையைப் படித்து உத்தியோகம் பார்க்கிற நம் பிள்ளைகள் போடுவார்கள். முதல் பத்து மேசைக்கு என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்தின் பெயர், டிவிசன், அங்கே பூட்டிக் கிடக்கிற கட்டடம் எது, சாவி யாரிடம் இருக்கிறது, இந்த நாலையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத அம்மாமார்களுக்கு எழுதிக்கொடுக்க இரண்டு மாணவிகள் அங்கே நிற்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் எழுதுங்கள், மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். நன்றி, வணக்கம்.