சும்மா இருப்பது யாருக்குக் கைவரும்?

நடுவர் அவர்களே! பள்ளி விட்ட பிறகு நடக்கும் மன்றங்களும் பயிற்சிகளும் பிள்ளைகளை வளர்க்கின்றனவா, வாட்டுகின்றனவா என்பது தலைப்பு. வளர்க்கின்றன என்று வாதாட வந்திருக்கிறேன்.

“மாலையிலாவது பிள்ளை சும்மா இருக்கட்டுமே” என்று எதிரணி நண்பர் உருகினார். அரங்கமே கைதட்டியது, உண்மையைச் சொன்னால், நானும் தட்டினேன். ஆனால் சும்மா இருப்பது சித்தர்களுக்கே எளிதில் கைகூடாத கலை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படி வாய்க்கும்? கையில் கைப்பேசி இருக்கும், இல்லையென்றால் தெருமுனையில் நாலு பேர் இருப்பார்கள். பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் வரையுள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை யாரோ நிரப்பத்தான் போகிறார்கள். அது யார் என்பதுதான் இங்கே வழக்கு.

ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர், முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. இடையில் விளையாட்டு, இசை, நடன மன்றங்களுக்கு அரசு பணம் ஒதுக்கியது. பிள்ளைகள் அவற்றில் சேரத் தலைநகர் ரெய்க்யவிக் குடும்பங்களுக்கு உதவித்தொகை தந்தது. “இரவில் வெளியே திரியத் தடையும் இருந்ததே, பெற்றோரும் கைகோத்தார்களே!” என்பார்கள். இருந்தது, கோத்தார்கள். ஆனால் தடை பிள்ளையை வீட்டுக்குள் அனுப்பும், அவ்வளவுதான். மறுநாள் மாலை எங்கே போவது என்று அது சொல்லாது.

வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இசைத் திட்டம், பள்ளி முடிந்து வந்த பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்தது. அதில் வளர்ந்த துதாமெல் உலகப் புகழ் பெற்ற இசைநடத்துநர் ஆனார். நான் அவருக்காகப் பேசவில்லை, நடுவர் அவர்களே. பின்வரிசையில் அமர்ந்து தப்பும் தவறுமாக வாசித்தானே, அவனுக்காகப் பேசுகிறேன். வகுப்பில் தப்புக்கு மதிப்பெண் குறையும்; இங்கே “இன்னொரு முறை வாசி” என்பார்கள். அப்படிச் சொல்வதற்கு அம்மாவும் அல்லாத, வகுப்பாசிரியரும் அல்லாத ஒரு பெரியவர் கிடைக்கிறாரே, பள்ளிக்கூடம் அதை எந்தப் பாடவேளையில் தரும்?

எல்லா மன்றமும் நல்லதா? இல்லை. டர்லக், வைஸ்பெர்க், பச்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும், பள்ளி விட்ட பிறகு நடக்கும் பல திட்டங்களின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். இன்ன திறன் என்று குறிவைத்து, படிப்படியாக, பிள்ளைகளையே செய்யவைத்துப் பழக்கிய இடங்களில் தன்னம்பிக்கையும் உயர்ந்தது, மதிப்பெண்ணும் உயர்ந்தது. மற்ற இடங்களில் சொல்லும்படியான பலன் இல்லை. எதிரணியினர் காட்டிய வாடிய முகங்கள், அதே பாடத்தை மறுபடியும் திணிக்கும் டியூஷனிலிருந்து வந்தவை. அந்த வழக்கைத் தனியாகத் தொடுக்கட்டும், சாட்சி சொல்ல நானே வருகிறேன். மணி அடித்துவிட்டார்கள், அமர்கிறேன்.