கல்லைத் தூக்கும் முன் உப்புத் தண்ணீர்

(சேலத்தில் கொத்தனார்கள், சென்ட்ரிங் தொழிலாளர்கள், செவிலியர் மாணவிகள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம். வேலை முடித்து, கையில் ஒட்டிய சிமெண்டைக்கூட முழுசாகக் கழுவாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்தேன். கட்டடம் இடிந்தால் முதலில் ஓடி வரப்போவது நீங்கள்தான். மருத்துவர்கள் நாங்கள் எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்கிறோம்.

நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடத்துக்குள் சிக்கியவர்களுக்கு என்ன காயம் ஏற்படுகிறது என்பது தலைப்பு. உள்ளே வரும்போதே ஒரு மேஸ்திரி கேட்டார்: "நம்ம ஊர்ல ஏதுங்க சார் நிலநடுக்கம்? சேர்வராயன் மலையே அசையாதுங்களே." அந்த மலையின் பாறைக்குக் கிட்டத்தட்ட 250 கோடி ஆண்டு வயது. அசையாது என்று நம்பத் தோன்றுவதில் வியப்பில்லை. மகாராஷ்டிரத்தில் கில்லாரி மக்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 அன்று, பிள்ளையார் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து படுத்தவர்கள், விடிகாலை நாலு மணிக்குச் சற்று முன்பு தங்கள் வீட்டுக் கல்சுவருக்கு அடியில் கிடந்தார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதுவும் நம்மைப் போலப் பழம்பாறை மேல் அமைந்த தக்காண பூமிதான். நம் பக்கத்திலேயே 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் பெரிய அதிர்வு ஒன்று வந்திருக்கிறது. 2002இல் திருத்திய இந்தியத் தர விதி சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மிதமான அபாயம் என்று அதற்குப் பொருள்.

அது வராமலே போகட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் கட்டடம் இடிய நிலநடுக்கமே வரவேண்டும் என்பதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இங்கே கருங்கல்பட்டியில் 2021 நவம்பரில் கேஸ் சிலிண்டர் வெடித்து வீடுகள் இடிந்து விழுந்ததும், உள்ளே சிக்கியவர்களைத் தெருவே கூடி எடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கிணறு வெட்டும்போது மண் சரிவதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பயிற்சி மருத்துவராக அவசர சிகிச்சைப் பிரிவில் காலை டியூட்டி.

ஏற்காட்டில் மூன்று நாள் விடாத மழை. ஒரு காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டுக் கல்சுவர் ராத்திரி பதினோரு மணிக்குச் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவரின் இரண்டு தொடை மேலும் உட்கார்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, ஆளும் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்குத்தான் நாலைந்து பேர் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பி அவரை வெளியே இழுத்தார்கள். ஜீப்பில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் யாரோ நல்ல மனதோடு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முழுசும் குடித்தார்.

என்னிடம் வந்தபோது, "வலிக்கவே இல்லீங்க சார், மரத்துப் போச்சு, அவ்வளவுதான்" என்றார். தொடையைத் தொட்டுப் பார்த்தேன். தோலில் சிராய்ப்பு மட்டும். எலும்பு முறியவில்லை, ரத்தப்போக்கு இல்லை. ஆனால் தொடை வைரம் பாய்ந்த கட்டை மாதிரி இறுகியிருந்தது. கால் விரலை அசைக்கச் சொன்னேன், அசையவில்லை. பெரிய காயம் இல்லையே என்று ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தலையில் அடிபட்டு வந்த இன்னொருவரைப் பார்க்கப் போனேன். அரை மணி நேரத்தில் அவர் மனைவியின் கூச்சல் கேட்டது. ஈ.சி.ஜி. கம்பிகளைப் பொருத்தியபோது அலைகள் கூடாரம் போலக் கூராக எழுந்து நின்றன. பிறகு அகன்றன. பிறகு நேர்க்கோடு. சிறுநீர்ப் பையில் வந்திருந்தது ஒரு கரண்டி அளவு. வரக்காப்பி நிறம்.

அவரைக் கொன்றது கல் என்று சான்றிதழில் எழுதினோம். கல் ஆறு மணி நேரம் அவர்மேல் கிடந்தபோது உயிரோடுதான் இருந்தார். கல்லை எடுத்த பிறகுதான் இறந்தார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. அவரை நான் தவறவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்த மேடையில் நிற்க எனக்கு உரிமை கிடையாது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பில் பெரும்பகுதி தசைக்குள்தான் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு நாலு என்ற கணக்கில் இருந்தால், தசைச் செல்லுக்குள் 140. செல்லின் சவ்வு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பாரம் ஏறி நசுங்கி, ரத்த ஓட்டமும் நின்று சில மணி நேரம் ஆனால் அந்தப் பூட்டு உடைந்துவிடுகிறது. ஆனாலும் கல் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்வரை, கசிந்ததெல்லாம் தொடையிலேயே தேங்கி நிற்கிறது. மேட்டூரில் மதகு மூடியிருப்பது மாதிரி. கல்லைத் தூக்குகிறோம், எல்லா மதகும் ஒரே நேரத்தில் திறக்கிறது. தேங்கிய பொட்டாசியம் நேராக இதயத்துக்குப் போகிறது, இதயம் தாளம் தப்பி நிற்கிறது. சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே வந்து, சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ சாய்ந்துவிடுவதற்கு இதுதான் காரணம். மீட்புப் பணியாளர்கள் இதைச் 'சிரித்த முகச் சாவு' என்றே சொல்வதுண்டு.

இதயம் தப்பித்தால் அடுத்தது சிறுநீரகம். தசைக்குச் சிவப்பு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். அதுவும் கசிந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் மயிரிழைக் குழாய்களுக்குள் இறங்குகிறது. கொத்தனார்களே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிமெண்ட் பால் குழாய்க்குள் இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும். விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால்? குழாயை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இங்கேயும் அதேதான். இதில் இன்னொரு கொடுமை, நசுங்கிய தசை விடுபட்டதும் ஸ்பாஞ்ச் மாதிரி ரத்தத்தின் நீரை உறிஞ்சி வீங்குகிறது. லிட்டர் கணக்கில் உறிஞ்சும். குழாயைக் கழுவத் தண்ணீர் தேவைப்படுகிற அதே நேரத்தில் ரத்தத்தில் தண்ணீர் வற்றுகிறது.

இதை உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது குண்டு மழையில். லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது, இடிபாட்டிலிருந்து எடுத்தவர்கள் முதல் நாள் நன்றாக இருந்து, சிறுநீர் கறுத்து, ஒரு வாரத்தில் இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் கவனித்து 1941இல் எழுதினார்கள். நாலே நோயாளிகள் பற்றிய கட்டுரை. அதற்கு முன்பே ஜப்பானிய மருத்துவர் மினாமி, முதல் உலகப் போரில் மண்ணில் புதைந்த படைவீரர்களின் சிறுநீரகத்தைப் பார்த்து 1923இல் எழுதியிருந்தார். அதை அதிகம் பேர் படிக்கவில்லை.

அப்புறம் 1988 டிசம்பர் 7, ஆர்மீனியா நிலநடுக்கம். சுமார் 25,000 பேர் இறந்தார்கள். உயிரோடு எடுத்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் நின்றது. அங்கிருந்த டயாலிசிஸ் வசதி போதவில்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் சிறுநீரக மருத்துவர்களின் உலக அமைப்பு, பேரிடருக்கென்றே ஒரு தனிப் படையை அமைத்தது. 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் மர்மரா பகுதி நடுங்கியபோது அந்தப் படை தயாராக இருந்தது. 639 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் செய்தார்கள். 477 பேர்! ஒவ்வொருவருக்கும் பல தடவை செய்ய வேண்டியிருக்கும். அதற்குச் சுத்திகரித்த தண்ணீர், கரண்ட், பயிற்சி பெற்ற கை எல்லாம் வேண்டும். நிலநடுக்கம் முதலில் பறிப்பதே இவற்றைத்தான்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஒரு சின்னக் கணக்கு. 1982இல் தெற்கு லெபனானில் ஒரு கட்டடம் இடிந்தபோது, நசுங்கிய ஏழு பேருக்கு இடிபாட்டிலிருந்து எடுக்கும்போதே நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்கும் சிறுநீரகம் பழுதாகவில்லை. டயாலிசிஸ் மெஷின் பக்கமே யாரும் போகவில்லை. நாம் 'குளுக்கோஸ் ஏத்துறது' என்கிறோமே, அந்த பாட்டில்தான். பேச்சில்தான் குளுக்கோஸ், உள்ளே இருப்பது லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. எஸ்டேட்காரருக்கு அன்றைக்கு அது கிடைத்திருந்தால் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே ஆம்புலன்ஸ் தம்பி தங்கைகளே, கல்லைத் தூக்கும் முன் ஊசியைப் போடுங்கள். ஒரு கை வெளியே தெரிந்தால் போதும். பெரியவர்களுக்கு முதலில் மணிக்கு ஒரு லிட்டர் வரை. மீட்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் வேகத்தைப் பாதியாக்குங்கள். வயதானவர், இதய நோயாளி என்றால் இன்னும் குறைவாக. நார்மல் சலைன் என்ற அந்த உப்புத் தண்ணீர்தான் வேண்டும். ஆர்.எல். என்ற ரிங்கர் லாக்டேட் வேண்டாம், அதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. வலிக்கிறதே என்று டைக்ளோஃபெனாக் ஊசி போடாதீர்கள், அது தவிக்கிற சிறுநீரகத்தை மேலும் அழுத்தும்.

பாட்டிலும் ஊசியும் இல்லாத மற்றவர்கள் என்ன செய்வது? முதலில் மணி பாருங்கள். சுவர் எத்தனை மணிக்கு விழுந்தது என்று 108க்குச் சொல்லுங்கள். "ஒருத்தர் மாட்டிக்கிட்டார்" என்பதோடு நிறுத்தாமல், "தொடை மேல கல்லு, மூணு மணி நேரமாச்சு, குளுக்கோஸோட வாங்க" என்று சொன்னால், வருகிறவர் தயாராக வருவார். விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். மேலே கூரை தொங்குகிறது, தீ பரவுகிறது, மூச்சுத் திணறுகிறது என்றால் எத்தனை மணி நேரம் ஆகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை என்றாலும் அப்படித்தான். மார்பு அமுங்கியவருக்கும், புழுதி மூக்கை அடைத்தவருக்கும் நிமிடங்கள்தான் கணக்கு. நிலநடுக்கத்தில் சாகிறவர்களில் பலர் தலையிலும் மார்பிலும் அடிபட்டு முதல் சில நிமிடங்களிலேயே போய்விடுகிறார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் கை மட்டும்தான் மருந்து. நான் சொல்லும் நிதானம், பேசிக்கொண்டிருக்கிறவருக்கு, கை கால் மட்டும் நெடுநேரம் நசுங்கிக் கிடக்கிறவருக்கு.

கயிறு எடுத்துத் தொடையை இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்தம் பீறிட்டு உயிர் போகும் நிலையில் மட்டும்தான் அது. ட்ரிப்ஸ் வர நேரமாகும், ஆள் தெளிவாகப் பேசுகிறார், வாந்தி இல்லை, வயிற்றில் அடியில்லை என்றால் சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

இளநீர் கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு வாய் கூசுகிறது. களைத்து வந்தவருக்கு இளநீர் கொடுப்பது நம் ஊர்ப் பண்பு. ஆனால் ஒரு டம்ளர் இளநீரில் கிட்டத்தட்ட ஒரு வாழைப்பழத்தில் இருக்கும் அளவு பொட்டாசியம் இருக்கிறது, சில சமயம் அதற்கும் மேலே. நசுங்கிய தசை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருப்பதும் அதே பொட்டாசியம்தான். பழச்சாறும் வேண்டாம். அடிவாரத்தில் இளநீர் வெட்டிக் கொடுத்தவர் இன்றைக்கும் எங்கேயாவது இருப்பார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

வெளியே எடுத்த பிறகு, நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். முதல் சிறுநீர் என்ன நிறம் என்று பாருங்கள். வரக்காப்பி நிறம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நிறம் மாறவில்லை என்றாலும் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த மேஜை மேல் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று சலைன், மற்றொன்று ஆர்.எல். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், இரண்டும் தெளிந்த தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில், புழுதிக்குள், கை நடுங்கும்போது இன்னும் ஒரே மாதிரி தெரியும். செவிலியர் மாணவிகள் முதலில் வாருங்கள். ஹாலில் விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். செல்போன் வெளிச்சத்தில் லேபிளைப் படித்து, எது எந்த பாட்டில் என்று எனக்குச் சொல்லுங்கள்.